பழைய இரும்பு: டமாஸ்கஸ் உலையும் மார்க்கச் சட்டமும்

அரபுக் கவிதையில் வாளுக்கு வழங்கும் பெயர்கள் மிகப் பல. அவற்றுள் 'முஹன்னத்' என்பதும் 'ஹிந்துவானீ' என்பதும் இந்தியாவோடு தொடர்புடையவை. இப்பெயர்களைக் கண்ட வரலாற்றாசிரியர்கள், இந்திய உருக்கு கப்பலேறி அரபு நாடுகளுக்குச் சென்றது, அங்கே டமாஸ்கஸ் நகரக் கொல்லர்களின் கையில் வாளாயிற்று என்று எழுதி அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். தமிழில் எழுதுவோர் கொடுமணல் அகழ்வையும், 'ஊட்ஸ்' எனும் ஐரோப்பியச் சொல் கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகியவற்றோடு உறவுடையது என்பதையும் சேர்த்துக்கொள்வர். இவை பொய்யல்ல. ஆயினும் பாதி வரலாறே. ஒரு பெருநகரின் கொல்லுலைகள் அனைத்தும் ஆண்டுக்கொருமுறை பருவக்காற்றில் வரும் கப்பலை மட்டும் நம்பி இயங்கியிருக்க முடியாது. வாள் தவிரக் கத்தியும் கத்தரிக்கோலும் ஆணியும் உளியும் வேண்டும். அவற்றுக்கான இரும்பு எங்கிருந்து வந்தது? அந்நகரின் தெருக்களிலும் குதிரை லாயங்களிலும் தேய்ந்து கிடந்த பழைய இரும்பும் ஒரு மூலப்பொருளாக இருந்தது என்பதற்கு அரபு நூல்களிலேயே தெளிவான சான்று உண்டு. அதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

சிரியாவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் இரும்புத் தாது அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. பைரூத்தை அடுத்த மலையில் இரும்புச் சுரங்கம் இருந்ததைப் புவியியலாளர் இத்ரீசி குறிப்பிடுகிறார். ஜோர்டானின் அஜ்லூன் மலையிலும் பழைய சுரங்கம் உண்டு. ஆனால் தாதுவை உருக்கி இரும்பாக்குவதற்கு, கிடைக்கும் இரும்பைப்போல் பல மடங்கு எடையுள்ள மரக்கரி தேவை. காடு குறைந்த நாட்டில் தாதுவைவிட விறகே அரிது. ஒருமுறை தாதுவிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்ட இரும்பை மீண்டும் பயன்படுத்தினால் அந்த முதற்கட்டச் செலவு முழுவதும் மிச்சமாகிறது. இன்றைய எஃகு ஆலைகள் கழிவு இரும்பைத் தேடி அலைவதற்கும் அடிப்படைக் காரணம் இதுவே.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தத்துவஞானி அல்கிந்தீ வாள்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். சுரங்கத்திலிருந்து கிடைக்கும் இரும்பை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். கடினமானது 'ஷாபுர்கான்', மென்மையானது 'நர்மாஹன்'. இவை இரண்டும் இயற்கையானவை. மூன்றாவதான 'ஃபூலாத்' எனும் உருக்கு சுரங்கத்தில் கிடைப்பதன்று, மனிதன் செய்வது. இப்பகுப்பின் நுட்பம் நோக்கத்தக்கது. உருக்கு ஓர் ஊரின் மண்ணில் விளையும் பொருளன்று, ஒரு செய்முறையின் விளைவு என்பதை அவர் அறிந்திருந்தார். ஸரந்தீபிலிருந்து வந்த உருக்குக் கட்டிகள் குராசான் முதலிய வேறு நாடுகளில் வாளாக அடிக்கப்பட்டதையும் அவரே சொல்கிறார். இலங்கையின் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகளின் வரிசைகள் கண்டறியப்பட்டு 1996இல் அந்த ஆய்வு வெளியானபோது, கிந்தீயின் கூற்றுக்கு மண்ணிலிருந்தே சாட்சி கிடைத்தது.

ஆனால் நமது பொருளுக்கு மிக முக்கியமான சான்று கிந்தீயிடம் அன்று, அல்பிரூனீயிடம் (973-1048) உள்ளது. கஸ்னவீ மன்னர் மௌதூதுக்காக அவர் தம் முதுமையில் எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' கற்களையும் உலோகங்களையும் பற்றியது. இரும்பு பற்றிய பகுதியில், டமாஸ்கஸைச் சேர்ந்த மஸ்யத் பின் அலீ எனும் கொல்லர் வாள்களைப் பற்றி நூல் ஒன்று எழுதியதாகக் கூறி, அதிலிருந்து உருக்குச் செய்முறையை எடுத்துத் தருகிறார். கொல்லர் ஒருவர் நூலாசிரியராக இருந்தார் என்பதும், பிரூனீ போன்ற ஒரு பேரறிஞர் அவரைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டினார் என்பதும் தனியே சிந்திக்க வேண்டியவை. உலைக்களத்தில் நின்றவனின் எழுத்தை அறிஞன் மதித்த காலம் அது.

அச்செய்முறையின் சாரம் இது. மண் மூசை ஒவ்வொன்றிலும் நர்மாஹன் இரும்பாலான குதிரை லாடங்களும் அவற்றின் ஆணிகளும் ஐந்து ரத்ல் எடை போடவேண்டும். அவற்றுடன் ரூஸக்தஜ், பொன்னிற மர்கஷீஸா, மக்னீஸியா ஆகியவற்றில் பத்துப் பத்து திர்ஹம். மூசையைக் களிமண்ணால் மூடி உலையில் வைத்து, கரியை நிரப்பி, இருவர் இயக்கும் ரோமானியத் துருத்திகளால் ஊத வேண்டும். உள்ளே இரும்பு உருகிச் சுழலும்போது, கடுக்காய், மாதுளைத் தோல், உப்பு, முத்துச்சிப்பி ஓடு ஆகியவற்றைச் சம அளவில் கட்டிய பொட்டலம் ஒன்றை ஒவ்வொரு மூசையிலும் இடவேண்டும். பிறகு இன்னும் கடுமையாக ஊதி, ஆறவிட்டு, முட்டை போன்ற உருக்குக் கட்டிகளை எடுக்க வேண்டும்.

கடுக்காயைக் கண்டதும் தமிழ் வாசகர் புன்னகைப்பர். அதுவும் இந்தியாவிலிருந்து சென்ற சரக்கே. ஆக, உருக்குக் கட்டி இந்தியாவிலிருந்து வராத இடத்திலும் இந்தியக் காய் ஒன்று உலைக்குள் விழுந்திருக்கிறது!

லாடங்கள் புதியவையா பழையவையா என்று மூலம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் 'அவற்றின் ஆணிகளும்' எனும் சொல்லைக் கவனிக்க வேண்டும். மூசையில் போட்டு உருக்குவதற்காக எவரும் புதிதாக லாடம் அடிக்கமாட்டார். அதற்கு ஆணியும் செய்து சேர்க்கமாட்டார். லாடமும் ஆணியும் ஒருசேரக் கிடைப்பது குதிரையின் குளம்பிலிருந்து கழற்றும்போதுதான். எனவே கழித்த லாடத்தையே மஸ்யத் கருதினார் என்று கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. குதிரை லாடம் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுவது. படையும் அஞ்சல் குதிரைகளும் வணிகரின் கோவேறு கழுதைகளும் நிறைந்த டமாஸ்கஸில், எந்தச் சுரங்கத்தையும்விட ஒழுங்காக இரும்பு தந்தது லாடம் அடிப்பவனின் கடை வாசல் என்று சொன்னால் மிகையாகாது.

லாடமே ஏன் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. லாடத்துக்கு வளைந்து கொடுக்கும் இரும்பு வேண்டும். ஆணிக்கோ அதைவிட மென்மையானது வேண்டும். கரிச்சத்து மிகக் குறைந்த, பலமுறை சம்மட்டியால் அடிக்கப்பட்டுக் கசடு பெரிதும் நீங்கிய இரும்பு அது. அதோடு எல்லா லாடமும் ஏறக்குறைய ஒரே தரமுடையது. உருக்கு செய்வோனுக்கு இதுவே பெரிய வசதி. தெரிந்த தரமுள்ள மென்னிரும்பில் தெரிந்த அளவு கரிச்சத்தை ஏற்றினால் தெரிந்த உருக்கு கிடைக்கும். பலவகைப் பழைய இரும்பைக் கலந்து போட்டால் விளைவைச் சொல்ல முடியாது. இன்றைய ஆலைகள் கழிவு இரும்பை வகை வகையாகப் பிரித்து, செம்பு கலந்ததை ஒதுக்கி, விலை நிர்ணயிப்பதற்கும் இதுவே காரணம். மஸ்யத் 'பழைய இரும்பு' என்று பொதுவாகச் சொல்லாமல் 'லாடமும் ஆணியும்' என்று குறித்துச் சொன்னதில் அத்தொழிலின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஐந்து ரத்ல் என்பது எவ்வளவு? பக்தாத் ரத்ல் ஏறத்தாழ 400 கிராம். அக்கணக்கில் 2 கிலோ. டமாஸ்கஸ் ரத்ல் 1.8 கிலோவுக்கும் மேல். அக்கணக்கில் 9 கிலோவைத் தாண்டும். பிரூனீ எந்த ரத்லைக் கொண்டார் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லையெனினும், முந்தியதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அக்கால மூசைகள் சிறியவை.

இச்செய்முறை ஏட்டுச் சுரைக்காயோ என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. குறிப்பாக 'ரூஸக்தஜ்' எதைக் குறிக்கிறது என்பதில் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. தென் ஈரானின் சாஹக் எனும் ஊரில் கிடைத்த 11, 12ஆம் நூற்றாண்டு மூசைத் துண்டுகளை ஆராய்ந்தோர் 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். மூசைக் கசட்டில் குரோமைட் தாதுவும், உருக்குத் துணுக்குகளில் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குரோமியமும் இருந்தன. பிரூனீயின் ரூஸக்தஜ் குரோமைட்டே என்பது அவர்கள் முடிவு. இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று கருதப்பட்ட குரோமிய உருக்கு, அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொல்லனின் மூசையில் இருந்திருக்கிறது. துருக்மெனிஸ்தானின் மர்வ் நகரில் 1990களில் நடந்த அகழ்வில் கிடைத்த ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு உருக்கு உலைகளையும் சேர்த்து நோக்கினால், உருக்குச் செய்யும் கலை இஸ்லாமிய நாடுகளுக்குள்ளேயே பரவலாக வேரூன்றியிருந்தது புலனாகும். அவர்கள் வாங்கி அடித்தவர்கள் மட்டுமல்லர். உருக்கிச் செய்தவர்களும் ஆவர்.

உலையிலிருந்து இனி அங்காடிக்குச் செல்வோம். பழைய இரும்பு மூலப்பொருளாகும் இடத்தில் ஏமாற்றும் கூடவே நுழைகிறது. நெருப்பில் போட்ட பின் எது பழையது எது புதியது என்று வாங்குபவர் எவ்வாறு அறிவார்? ஸலாஹுத்தீன் ஐயூபீயின் காலத்தில் சிரியாவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ, அங்காடி மேற்பார்வையாளரான முஹ்தஸிபுக்காக 'நிஹாயத்துர் ருத்பா' எனும் கையேட்டை எழுதினார். அதில் செம்புக் கன்னார்களுக்கும் கொல்லர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. மென்னிரும்பில் கத்தியும் கத்தரிக்கோலும் அடித்து உருக்கென்று விற்கலாகாது. கழற்றி நிமிர்த்தி மீண்டும் அடித்த ஆணிகளைப் புதிய ஆணிகளோடு கலக்கலாகாது. உடைந்த செம்பையும், இன்னும் பயன்படுத்தப்படாத புதுச் செம்பையும் கலந்து வார்க்கலாகாது. தனித்தனியே உருக்க வேண்டும்.

இவ்விதிகளில் ஒன்றேனும் பழைய உலோகத்தை விற்பதைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிமிர்த்திய ஆணியை விற்கலாம், நிமிர்த்திய ஆணி என்று சொல்லி. தடுக்கப்பட்டது கலப்பும் மறைப்பும் மட்டுமே. ஓர் ஆணியைக்கூட விடாமல் எழுதிவைத்திருப்பதால், பழைய ஆணிகளின் வியாபாரம் அன்று எவ்வளவு பெருகியிருந்தது என்பதையும் ஊகிக்கலாம். எவரும் செய்யாத காரியத்துக்கு எவரும் தடை எழுதுவதில்லை. நமது அரபுக் கல்லூரிகளில் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை விரிவாக ஓதிக்கொடுக்கிறோம். அச்சட்டங்கள் கடைத்தெருவில் எவ்வாறு நடைமுறைக்கு வந்தன என்று காட்டும் ஹிஸ்பா நூல்களையோ நாம் தொடுவதே இல்லை. பாடத்திட்டம் வகுப்போர் இதைக் கருத வேண்டும்.

பழைய இரும்பைக் கொடுத்துப் புதிய இரும்பை எடைக்குறைவாகப் பெறலாமா? சட்டநூல்களில் இக்கேள்வி இமாம் மாலிக் (ரஹ்) காலத்திலேயே எழுந்துவிட்டது. முவத்தாவில் செம்பு, இரும்பு போன்ற எடைப்பொருள்களின் விற்பனைக்குத் தனித் தலைப்பே உண்டு. ஒரு ரத்ல் இரும்புக்கு இரண்டு ரத்ல் இரும்பைக் கைக்குக் கை மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை என்பது அங்கு அவர் தரும் தீர்ப்பு. தவணையில் அவ்வாறு செய்வதையே அவர் தடுக்கிறார். ஷாஃபிஈ மத்ஹபில் தங்கம், வெள்ளிக்கு ரிபா விதிக்கக் காரணம் அவை விலைப்பொருளாக இருப்பது. இரும்பில் அக்காரணம் இல்லாததால் ஏற்றத்தாழ்வான மாற்றுக்குத் தடையில்லை. ஹனஃபீ மத்ஹபிலோ எடையும் இன ஒற்றுமையுமே காரணம். இரும்புக்கு இரும்பு மாற்றினால் எடை சமமாக இருந்தாக வேண்டும். ஆயினும் எடைக்கு விற்கும் வழக்கமின்றி எண்ணிக்கைக்கு விற்கப்படும் செம்பு, இரும்புப் பாத்திரங்களுக்கு இந்நிபந்தனை இல்லை. பழையதைக் காசுக்கு விற்று, அக்காசுக்குப் புதியது வாங்குவது எவருக்கும் எளிய வழி.

சென்னையில் பழைய இரும்புக் கடைக்குக் 'காயலான் கடை' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. காயல்பட்டினத்து வணிகர்கள் அத்தொழிலில் ஈடுபட்டிருந்ததால் வந்த பெயர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். காயல்பட்டினத்தார் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். பழையதற்குப் புதியது மாற்றும் வணிகத்தில் அவர்களுடைய மத்ஹபு அவர்களுக்கு அகலமான வாசலைத் திறந்து வைத்திருந்தது என்பது சுவையான பொருத்தம். இதிலிருந்து வரலாற்று முடிவு எதையும் நாம் எடுக்கவில்லை!

ஷைஸரீ வாழ்ந்த அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில், கடல்வழியில் பழைய உலோகம் எவ்வாறு பயணம் செய்தது என்பதைக் காட்டும் கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூத ஆலயச் சேமிப்பில் கிடைத்துள்ளன. அரபு மொழியில், ஹீப்ரு எழுத்தில் எழுதப்பட்டவை அவை. கோய்டைன், ஃபிரீட்மன் எனும் அறிஞர்கள் தொகுத்த இந்திய வணிகர் கடிதங்கள் 2008இல் நூலாயின. துனீசியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பின் யீஜூ எனும் யூத வணிகர் மலபார்க் கரையில் வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். ஏடனிலிருந்த அவருடைய கூட்டாளிகள் உடைந்த தாம்பாளங்களையும் செம்புகளையும் கப்பலில் அனுப்பி, இன்ன அளவில் இன்ன வடிவில் புதிதாகச் செய்து அனுப்பும்படி எழுதினர். விறகும் கைத்திறனும் மலபாரில் மிகுதி என்பதால், உடைந்த பாத்திரம் கடல் கடந்து சென்று புதுப் பாத்திரமாகத் திரும்புவது கட்டுபடியாயிற்று. எதிர்த்திசையில் மலபாரிலிருந்து ஏடனுக்கு மிளகோடு இரும்பு வந்தது. நகரில் இரும்பே மிஞ்சவில்லை, அடுத்த ஆண்டும் விலை நன்றாயிருக்கும் என்று ஏடனிலிருந்து ஒருவர் எழுதுகிறார்.

அவற்றுள் ஒரு கடிதம் நெஞ்சைத் தொடுவது. பின் யீஜூவின் சரக்கை ஏற்றிவந்த கப்பல் பாபுல் மன்தப் அருகே உடைந்தது. மிளகு முழுவதும் போயிற்று. இரும்பை எடுக்க ஏடனிலிருந்து மூழ்குவோர் வரவழைக்கப்பட்டனர். ஏறக்குறையப் பாதி இரும்பு மீட்கப்பட்டது. அதைச் சுங்கத்துறையிலிருந்து வணிகர் தலைவர் மழ்மூனின் கிடங்குக்குக் கொண்டுசெல்லும்போது, பின் யீஜூவின் பெயர் பொறித்தவற்றைத் தாம் தனியே பிரித்து வைத்ததாக அவருடைய நண்பர் எழுதுகிறார். கடலடியிலிருந்து துருவோடு எழுந்த இரும்புக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அப்பெயர் அழியாதிருந்தது.

நெருப்பில் பெயர் அழிந்துவிட்டால்? இக்கேள்வியையும் சட்ட அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. 593 ஹிஜ்ரியில் (1197) மறைந்த மர்கீனானீ (ரஹ்) தம் ஹிதாயாவில், அபகரித்தல் எனும் 'ஙஸ்பு' பற்றிய நூற்பகுதியில், பிறர் இரும்பைப் பறித்து வாளாக்கியவனையும் பிறர் பித்தளையைப் பறித்துப் பாத்திரமாக்கியவனையும் உதாரணம் காட்டுகிறார். பொருளின் பெயரும் பயனும் மாறிவிட்டதால் ஹனஃபீ மத்ஹபில் முதல் உரிமை நீங்கி ஈடாக மாறுகிறது. ஆனால் அந்த ஈட்டைச் செலுத்தும்வரை அவ்வாளைப் பயன்படுத்துவது அபகரித்தவனுக்கு ஆகுமாகாது. ஷாஃபிஈ மத்ஹபு இன்னும் கடுமையானது. வாளானாலும் இரும்பு முதல் உரிமையாளருடையதே; அடித்த உழைப்புக்காக அபகரித்தவன் எதையும் கோர முடியாது. மாணவர்கள் இப்பாடத்தை ஓதும்போது, இரும்பைப் பறித்து வாளாக்கும் மனிதன் எங்கே இருக்கிறான் என்று நினைப்பதுண்டு.

மஸ்யத்தின் நகரமே அதற்கு விடை தருகிறது. இன்று அலெப்போவின் பழைய துறைமுகமான இஸ்கந்தரூனைச் சுற்றியுள்ள துருக்கியின் மின் உலைகள் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பல்களில் வரும் கழிவு இரும்பை உருக்குகின்றன. கழிவு இரும்பை உலகிலேயே மிகுதியாக இறக்குமதி செய்வது துருக்கி. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். அது விலை கொடுத்து வாங்கப்படும் இரும்பு. எல்லைக்குத் தெற்கே சிரியாவில் 2011இல் தொடங்கிய போரில் வேறொரு வகை வழங்கல் உருவாயிற்று. முற்றுகையிலும் குண்டுவீச்சிலும் இடிந்த டமாஸ்கஸின் புறநகர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்ட பின், வீடுகளின் கதவு, குழாய், மின்கம்பி ஆகியவை முதலில் பெயர்க்கப்பட்டன. அடுத்து கூரைகளையும் தூண்களையும் உடைத்து, கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பிகள் உருவப்பட்டு எஃகு ஆலைகளுக்குச் சென்றன. 2018 மே மாதத்தில் யர்மூக் அகதி முகாம் அரசுப் படைகளிடம் வந்த பின் அங்கு நடந்ததும் இதுவே. சிரிய மக்கள் இதற்குத் 'தஅஃபீஷ்' என்று பெயரிட்டனர். வீட்டுச் சாமானைக் குறிக்கும் 'அஃப்ஷ்' என்பதிலிருந்து பிறந்த சொல். போர் மொழிக்குத் தந்த சொற்களில் இதைவிடக் கசப்பானது வேறு இருக்குமோ, அறியோம்.

2024 டிசம்பர் 8இல் அந்த ஆட்சி வீழ்ந்தபின் திரும்பி வந்தவர்கள் பலர், சுவர் மட்டும் நின்ற வீடுகளையும் சுவரும் இல்லாத மனைகளையும் கண்டனர். அவர்கள் வீட்டுக் கம்பி உருகி, வேறு கம்பியாகி, வேறு எங்கோ எவர் வீட்டுத் தூணிலோ நிற்கிறது. அதை அடையாளம் காண இனி வழியில்லை. உரிமையாளர் அறியப்படாத பொருளுக்கு ஃபிக்ஹு நூல்களில் வேறு விதிகள் உண்டு. அவற்றை இங்கே பொருத்திவிட முடியாது. இங்கு அடையாளம் இழந்தது இரும்பு மட்டுமே. உரிமையாளர்கள் தெருப் பெயரும் வீட்டுப் பத்திரமும் உள்ளவர்கள். உருக்கியவர் ஈடு தரும்வரை அவ்விரும்பின் பயன் அவருக்கு ஆகாது என்கிறது ஹிதாயா. ஈடு தரவேண்டும் என்ற அளவில் ஷாஃபிஈ அறிஞர்களும் வேறுபடவில்லை.